பில்லில் ‘ஓவர்ஹால்’, சான்றிதழில் வேறு: ஒரு புரொப்பெல்லர் கவர்னரால் நான் ஏமாந்த கதை

ஒற்றை எஞ்சினும் நான்கு இருக்கைகளும் கொண்ட சிறு விமானம் ஒன்றை வைத்திருப்பவன் நான். அதன் புரொப்பெல்லர் கவர்னரை மாற்றப்போய் ஏமாந்த விதத்தை, அதே வேலைக்கு விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

பழைய கவர்னரில், லீவர் பொருத்தியிருக்கும் தண்டைச் சுற்றி ஆயில் கசியத் தொடங்கியிருந்தது. சீராகப் பறக்கும்போது 2400 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 2400 சுற்று) வைத்தால், முள் அங்கே நிற்காமல் மேலும் கீழுமாக அலைந்தது. எஞ்சின் ஆயிலைத் தன் பல்சக்கரப் பம்பால் உயர் அழுத்தத்துக்கு ஏற்றி, பிளேடுகள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதியான புரொப்பெல்லர் ஹப்புக்கு அனுப்பியும் திரும்ப விட்டும், பிளேடுகளின் கோணத்தை மாற்றிச் சுற்றுவேகத்தை ஒரே அளவில் நிறுத்துவதுதான் கவர்னரின் வேலை. எப்போது அனுப்புவது, எப்போது விடுவது என்பதை உள்ளே சுழலும் சிறு எடைகளும் அவற்றை எதிர்த்து அழுத்தும் ஸ்பிரிங்கும் தீர்மானிக்கின்றன. அவை தேய்ந்தால் முள் அலைவது வழக்கம். மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

விமானத்தை வாரக்கணக்கில் நிறுத்திவைக்க மனமில்லாமல் எக்ஸ்சேஞ்ச் முறையை ஒப்புக்கொண்டேன். அதாவது, ஓவர்ஹால் செய்த (முழுதாகப் பிரித்துச் சீரமைத்த) கவர்னரைப் பணிமனைக்காரர்கள் முதலில் அனுப்புவார்கள், நான் பழையதை அனுப்பிய பிறகு நான் கட்டிய முன்பணம் திரும்பி வரும். வந்த கவர்னர் புதுப் பெயின்ட்டில் பளபளத்தது. பில்லில் ‘ஓவர்ஹால் செய்யப்பட்டது’ என்று இருந்தது. கூடவே வந்த 8130-3 படிவத்தை, அதாவது பாகத்தில் என்ன வேலை நடந்தது என்று சொல்லும் அமெரிக்கச் சான்றிதழை, நான் கோப்பில் செருகினேனே தவிர, படிக்கவில்லை. என் முட்டாள்தனம் அங்கேதான் தொடங்கியது.

பொருத்தியதில் குறை சொல்ல முடியாது. என் மெக்கானிக் புது கேஸ்கெட் போட்டு, அதிலுள்ள வலையின் மேடான பக்கம் கவர்னரைப் பார்க்கும்படி வைத்து, லீவர் இரு முனையிலும் தன் நிறுத்தத்தைத் தொடுகிறதா என்றும் பார்த்தார். தரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. முதல் பறப்பிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்ட பிறகு, இரண்டாவது முறை ஓடுபாதையில் வேகமெடுத்தபோது முள் 2700 என்ற சிவப்புக் கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போக, த்ராட்டிலை இழுத்து ஓட்டத்தைக் கைவிட்டேன். என்னுடையதைப் போன்ற புரொப்பெல்லரில் ஆயில் அழுத்தம்தான் பிளேடுகளைப் பெரிய கோணத்துக்குத் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்தால் அவை சிறிய கோணத்துக்குச் சரிந்து எஞ்சின் தறிகெட்டுச் சுற்றும்.

கவர்னரை அனுப்பிய பணிமனையைத் தொலைபேசியில் அழைத்தேன். அதிகபட்ச ஆர்.பி.எம். திருகைச் சற்றுத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினோம், எண் இறங்கியது, ஆனால் பழையதைப் போலவே முள் அலைந்தது. அடுத்த அழைப்பில், கவர்னர் நன்றாக இருக்கிறது, பழுது உங்கள் புரொப்பெல்லரில்தான், அதையும் கழற்றி எங்களுக்கே அனுப்புங்கள் என்றார்கள். ஹப்பில் அழுக்கு சேர்ந்தாலும் இப்படி ஆகக்கூடும் என்பதால் அந்தப் பேச்சு நம்பும்படியாகவே இருந்தது. என் மெக்கானிக் தடுத்திராவிட்டால் அதையும் அனுப்பியிருப்பேன்.

வேறொரு பணிமனையில் கவர்னரைச் சோதனை மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். குளிர்ந்த ஆயிலில் தாக்குப்பிடித்த அழுத்தம், சூடான ஆயிலில் அளவுக்குக் கீழே இறங்கியது. பிரித்தபோது வெளிப்புற சீல்கள் மட்டும் புதியவை. பம்பின் பல்சக்கரங்களும், சுழலும் எடைகளைத் தாங்கும் ஊசிகளும் தேய்ந்த பழையவையே.

பிறகுதான் படிவத்தை எடுத்துப் படித்தேன். 11-ஆம் கட்டத்தில் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்றிருந்தது. ஓவர்ஹால் என்ற சொல் எங்குமே இல்லை. அமெரிக்க விமானப் பராமரிப்பு விதிகளின் 43.2 பிரிவின்படி, ஒரு பாகத்தைப் பிரித்து, சுத்தம் செய்து, பரிசோதித்து, தேவைக்கேற்பப் பழுது நீக்கி, மீண்டும் கோத்து, அங்கீகரிக்கப்பட்ட அளவுகோலின்படி சோதித்திருந்தால்தான் பராமரிப்புப் பதிவில் ஓவர்ஹால் என்று எழுதலாம். ஆக, கையெழுத்துப் போட்டவர் சான்றிதழில் பொய் எழுதவில்லை. பொய் பில்லில் இருந்தது, நான் பில்லைப் பார்த்துப் பணம் கட்டினேன்.

முன்பணமும் போயிற்று. நான் அனுப்பிய பழைய கவர்னருக்குள் உலோகத் துகள்கள் இருந்ததாகவும், அதனால் அதை ஏற்க இயலாது என்றும் முதல் பணிமனைக்காரர்கள் எழுதி, ஒரு படத்தையும் இணைத்திருந்தார்கள். துகள்கள் தெரிந்தன, வரிசை எண் பொறித்த தகடு படத்தில் இல்லை. எண் என் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் பெட்டியில் வைக்கும் முன் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதால் அது என்னுடையதல்ல என்று நிறுவ வழியில்லை.

இப்போது பொருத்தியிருப்பது அந்த இரண்டாவது பணிமனை ஓவர்ஹால் செய்தது. அதன் படிவத்தில் 11-ஆம் கட்டத்தில் ஓவர்ஹால் என்றும், 12-ஆம் கட்டத்தில் எந்தக் கையேட்டின் எந்தத் திருத்தப் பதிப்பின்படி வேலை நடந்தது என்றும் இருக்கிறது. அவ்விரு கட்டங்களின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே இம்முறை பணம் அனுப்பினேன். முதல் பணிமனைக்கு மூன்று கடிதங்கள் எழுதிவிட்டேன். நிராகரித்த என் கவர்னரையாவது தகடோடு திருப்பி அனுப்புங்கள் என்ற கடைசிக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.