216 படம் போச்சு! "கலர் நெகட்டிவ் எல்லாத்தையும் தாங்கும்" என்று விற்பவரிடம் உஷார்

இன்று காலை அந்த ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

பழைய ஃபிலிம் கேமராக்களைத் துடைத்து, "சர்வீஸ் செய்தது" என்று போட்டு ஆன்லைனில் விற்பவர். பெயர் வேண்டாம். 1970களின் எஸ்எல்ஆர் கேமரா ஒன்றை அவரிடம் வாங்கினேன். வாங்கும் முன் நான் கேட்டது ஒன்றுதான்: வெளிச்சத்தை அளந்து முள்ளால் காட்டும் மீட்டர் சரியாக இருக்கிறதா? வீடியோ காலில் வந்து கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினார், முள் ஏறியது. சுவர் பக்கம் திருப்பினார், இறங்கியது. "பாத்தீங்களா, உயிரோட இருக்கு. ஒண்ணு ரெண்டு ஸ்டாப் முன்னே பின்னே போனாலும் கவலையே வேண்டாம், கலர் நெகட்டிவ் எல்லாத்தையும் தாங்கும்" என்றார். அங்கேதான் விழுந்தேன். (கலர் நெகட்டிவ் என்றால் சாதாரண கலர் ஃபிலிம் ரோல். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காகக் கூடுவது, அல்லது பாதியாகக் குறைவது.) முள் ஆடுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு என்று அப்போது உறைக்கவில்லை.

அக்கா குழந்தையின் முதல் 3 மாதம். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் ஒளி உணர்திறன்), 6 ரோல், 216 படம். பெரும்பாலும் வீட்டுக்குள், ஜன்னல் வெளிச்சத்தில். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து மொத்தமாகக் கழுவக் கொடுத்தது என் முட்டாள்தனம்.

வந்த நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தால் வெறும் ஆரஞ்சுப் பட்டை, நடுவில் ஆவி மாதிரி ஒரு தொட்டில். ஸ்கேனில் நிழலெல்லாம் சேறு, பாப்பாவின் முடியில் பச்சை.

கேட்டதற்கு முதல் பதில்: "லேப்ல கழுவினது தப்பு." ஃபிலிம் ஓரத்து எண்கள் தொழிற்சாலையிலேயே பதிந்து வருபவை. கழுவியதில் கோளாறு என்றால் அவையும் வெளிறியிருக்கும், இங்கே அழுத்தமாக நிற்கின்றன. படம் அனுப்பினேன். மறுநாள், "ஃபிலிம் பழசா இருக்கும்." அப்புறம், "7 நாள் ரிட்டர்ன் முடிஞ்சிருச்சே." அதற்கப்புறம் இரண்டு நீல டிக், பதில் இல்லை.

அடிமூடியைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த மாடல் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி செல்லுக்காகச் செய்தது. பாதரசம் என்பதால் அந்த செல் இப்போது விற்பனையில் இல்லை. இவர் போட்டிருந்தது 1.5 வோல்ட் ஆல்கலைன். வித்தியாசம் 0.15தானே என்று தோன்றும். ஆனால் முள் கூடுதலாக ஏறும், இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டும், நாமும் நம்பி அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) மூடுவோம். டிஜிட்டல் கேமராவோடு ஒப்பிட்டேன், ஃபிலிமுக்குப் போன வெளிச்சம் ஏறக்குறைய 2 ஸ்டாப் குறைவு. ஃபிரேமில் ஜன்னலும் வந்தால் இன்னும் மோசம். போச்சு 216.

தாங்கும் என்றாரே, அதில் பாதிதான் உண்மை. வெளிச்சம் 2, 3 ஸ்டாப் கூடினால் தாங்கும். குறைந்தால் 1 ஸ்டாப்பிலேயே நிழல் செத்துவிடும். ஃபிலிமில் பதியாததை ஸ்கேனர் எங்கிருந்து எடுக்கும்?

வாங்கும் முன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. எத்தனை வோல்ட் செல் என்று கேளுங்கள். காது கேட்கும் கருவியில் போடும் ஜிங்க் ஏர் செல் 1.4 வோல்ட், ஓரளவு ஒத்துவரும். வேறொரு மீட்டரோடு ஒப்பிடுங்கள். சந்தேகமா, 400 ஃபிலிமுக்கு ஐஎஸ்ஓ டயலை 200இல் வையுங்கள், 1 ஸ்டாப் வெளிச்சம் கூடும். முதல் ரோலை உடனே கழுவுங்கள்.

216இல் தேறியது 9. அந்த ஒன்பதும் மொட்டை மாடியில், மீட்டரைப் பார்க்காமல் வெயிலுக்கு அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் 1/500 நொடி என்று மனக்கணக்கில் எடுத்தவை.