மலைநாட்டு ஈரத்துக்கு ஏற்ற ரோலர் கதவு: பொருத்திப் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

ஹட்டனில் உள்ள எங்கள் வாகனத் திருத்துமிடத்துக்கும் அதையொட்டிய களஞ்சியத்துக்கும் ஒரே நிறுவனத்திடமே ரோலர் கதவுகளை வாங்கிப் பொருத்தினோம். தகட்டின் தரத்தில் எனக்கு முழுத் திருப்தி உண்டு. கதவின் பாரத்தைச் சமன்செய்து தூக்க உதவும் ஸ்பிரிங் விடயத்தில் அந்நிறுவனத்தார் காட்டிய அக்கறை போதாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை எங்கள் மேற்குச் சரிவை நனைக்கிறது. அது ஓய்ந்த பின்னரும் மூடுபனி இரும்பை உலர விடுவதில்லை. ஆகவே வெறும் நாகப் பூச்சுள்ள தகட்டைவிட, 55 சதவீதம் அலுமினியமும் 43.4 சதவீதம் நாகமும் 1.6 சதவீதம் சிலிக்கனும் கலந்த பூச்சுள்ள தகட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் கதவுகள் அந்த வகையைச் சேர்ந்தவை; வெட்டிய விளிம்புகளில்கூட இதுவரை துரு ஏறவில்லை. ஆனால் இந்தப் பூச்சுக்கு ஈரச் சீமெந்து ஆகாது. கதவைப் பொருத்திய பின் சுவரைப் பூசுபவர்கள் தெறித்த சாந்தை உடனே கழுவிவிட வேண்டும். தோட்டங்களின் உரக் களஞ்சியங்களிலும் இதே எச்சரிக்கை தேவை, ஏனெனில் உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்து எந்த உலோகப் பூச்சையும் அரித்துவிடும்.

தடிப்பை 'கேஜ்' கணக்கில் சொன்னால் மில்லிமீற்றரிலும் கேட்டுக்கொள்ளுங்கள். எண் கூடக்கூடத் தகடு மெல்லியதாகும்: 20 கேஜ் இரும்புத் தகடு ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர், 22 கேஜ் ஏறத்தாழ 0.75 மில்லிமீற்றர்.

உண்மையில் கதவின் ஆயுளைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்தான். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 தடவை திறந்து மூடுவதற்கே கணிக்கப்படுகிறது. நாளுக்கு நான்கு தடவை திறக்கும் வீட்டுக் கராஜில் அது ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக உழைக்கும். கொழுந்து லொறிகள் வந்து போகும் தேயிலைத் தொழிற்சாலையில் நாளுக்கு நாற்பது தடவை திறந்தால் 250 நாட்களில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். நாள் முழுதும் திறந்து மூடும் எங்கள் திருத்துமிடத்துக்கும் எப்போதாவது திறக்கும் களஞ்சியத்துக்கும் அந்நிறுவனம் ஒரே ரக ஸ்பிரிங்கைப் போட்டிருந்தது. எத்தனை தடவை திறப்பீர்கள் என்று ஒரு வார்த்தைகூட அவர்கள் கேட்கவில்லை. திருத்துமிடத்து ஸ்பிரிங் வெகு சீக்கிரம் முறிந்தது. தொழில் நடத்தும் இடமாயின் 25,000 தடவைக்கோ அதற்கு மேலோ கணிக்கப்பட்ட ஸ்பிரிங்கை விலைப்பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் ஆளைக் கடுமையாகக் காயப்படுத்தும் ஆதலால், அதைக் கழற்றுவதைப் பயிற்சி பெற்றவர்களிடமே விடுங்கள்.

மோட்டர் வசதியானதே. மின்வெட்டின்போது கையால் இழுத்துத் திறக்கும் சங்கிலி இல்லாத மோட்டரை மட்டும் வாங்காதீர்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமின்னல் தொடங்கும்போது அதன் மின்னிணைப்பைத் துண்டித்துவிடுவதும் நல்லது.

நுவரெலியாவில் மரக்கறிக்குக் குளிர்களஞ்சியம் கட்டுபவர்கள், சுருளும் கதவைவிட, நடுவில் நுரை அடைத்த பலகைகளாலான செக்‌ஷனல் கதவைப் பார்க்கலாம். அது வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் பலகைகள் பின்னோக்கிச் செல்ல, கூரையின் கீழ் இடம் வேண்டும்.

இனியொரு கதவு தேவைப்பட்டாலும் தகட்டை அதே நிறுவனத்திடமே வாங்குவேன்; ஸ்பிரிங்கின் கணிப்பு எழுத்தில் வராமல் முற்பணம் கொடுக்கமாட்டேன்.