நடேசய்யரின் சம்மேளனமும் காங்கிரஸ் சங்கமும்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் "காங்கிரஸ்" என்று மொட்டையாகச் சொன்னாலே அது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற தொழிற்சங்கம்தான். அதற்கு முன்பே, 1931-இல், கோ. நடேசய்யர் ஹட்டனில் தொடங்கிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தின் பெயர் இன்று அவ்வளவாக யாருக்கும் ஞாபகமில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே வென்றது, எங்கே விட்டுக்கொடுத்தது என்று தெரியும்.

ஐயர் தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகைக்காரர். கொழும்பில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து வேலை செய்தவர். அவரோடு முரண்பட்டுப் பிரிந்தபின் தோட்ட மக்கள் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். அன்று வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் வழக்கு. அதனால் துணி வியாபாரி வேஷம் போட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குள் போனார் என்பார்கள். கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடுவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பாட்டுகளே துண்டுப்பிரசுரம்.

ஐயரிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அவர் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையோடு நிற்காமல் பெரிய கங்காணியையும் எதிர்த்தார். ஆளைக் கூட்டிவந்து, கடன் கொடுத்து, அந்தக் கடனாலேயே கட்டிவைத்தவர் கங்காணி. அவரைத் தொடாமல் தொழிலாளிக்கு விடிவில்லை என்பது ஐயரின் கணக்கு. ஆனால் சம்மேளனம் ஐயர் என்ற ஒரு மனிதரின் தோளில் நின்றது. உலகப் பொருளாதார மந்தத்தில் சம்பளம் குறைக்கப்பட்டபோது அதைத் தடுத்து நிறுத்தும் பலம் அதற்கு இருக்கவில்லை.

காங்கிரஸ் வந்த வழியே வேறு. 1939-இல் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த வருடமே தொழிற்சங்கமும் அமைந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் கமிட்டி, கமிட்டிக்கு ஒரு தலைவர், மாதச் சந்தா என்று அது வேர்விட்டது. ஆனால் ஐயர் எதிர்த்த கங்காணிமாருக்கும் அதற்குள் இடம் இருந்தது. பின்னாளில் காங்கிரஸை நடத்திய சௌமியமூர்த்தி தொண்டமானே, கங்காணியாக இருந்து தோட்ட உரிமையாளரான கருப்பையாவின் மகன்தான். இது சங்கத்துக்குப் பணமும் செல்வாக்கும் தந்தது. கங்காணியைக் கேள்வி கேட்கும் கூர்மை அங்கேதான் மழுங்கியது என்று நினைக்கிறேன்.

நடுவில் சமசமாஜக் கட்சியின் இடதுசாரிகளான சமசமாஜிகளும் இருந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். துணிச்சலில் அவர்கள் சங்கம் யாருக்கும் சளைத்ததல்ல. ஆனால் அதே வருடம் தலைவர்கள் சிறைக்குப் போக, களம் காங்கிரஸுக்குத் திறந்துவிட்டது.

சரி, உண்மையான சோதனை 1948-இல் வந்தது. ஐயர் அதைப் பார்க்கவில்லை. 1947 நவம்பரில் காலமாகிவிட்டார். பிரஜாவுரிமைச் சட்டம் மக்களை நாடற்றவராக்கி, அப்புறம் வாக்குரிமையையும் பறித்தபோது தொழிலாளியிடம் எஞ்சியது சங்கம் மட்டுமே. அங்கே காங்கிரஸின் கமிட்டிக் கட்டமைப்பு தாக்குப்பிடித்தது. தனிமனிதரை நம்பிய சம்மேளனம் அந்த இடத்தில் நின்றிருக்க முடியாது. ஐயரை எவ்வளவு நேசித்தாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1950-இல் காங்கிரஸின் தொழிற்சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. ஆனால் அந்தக் கட்டமைப்பும் தலைவர்களின் போட்டிக்குத் தப்பவில்லை. 1956-இல் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான ஏ. அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தனியாக அமைத்தார். ஒரே லயத்தில் இரண்டு சங்கச் சந்தா என்ற நிலை வந்தது.

பெண்கள் விஷயத்தில் இரண்டுமே தாமதம்தான். கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்கள். சம்பளமோ ஆண்களைவிடக் குறைவு. மீனாட்சியம்மாள் மேடையேறிப் பாடி அரை நூற்றாண்டு கழித்து, 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைத்தது. காங்கிரஸும் அதன் போட்டிச் சங்கங்களும் ஒன்றாக இறங்கிய வேலைநிறுத்தம் அது.