இரட்டை ஹார்ட் டிஸ்க் டாக்: நன்றாக அழிக்கிறது, எதை அழித்தது என்று சொல்வதில்லை

இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை நிறுத்திச் செருகும் யூஎஸ்பி டாக் என்ற பெட்டியின் விலை அண்மையில் நன்றாக இறங்கியிருக்கிறது. எங்களைப் போலவே வரிக்கணக்கு அலுவலகம் நடத்தும் சூரமங்கலத்து நண்பர் ஒருவர், பழைய கணினிகளைக் கழிக்கும் முன் அவற்றின் டிஸ்க்குகளில் உள்ளதை அழிக்க வேண்டியிருந்ததால், "அண்ணா, அதை வாங்கிப் போடலாமுங்களா?" என்று கேட்டார். ஒரு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. இந்தப் பெட்டியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரே பெட்டி பல ஒட்டுச்சீட்டுகளோடு பல பெயர்களில் விற்கப்படுவதால், எங்களிடம் உள்ளதன் பெயரைச் சொல்வதில் பயனும் இல்லை.

எங்கள் அலுவலகம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி வியாபாரிகள், ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டுகள் ஆகியோரின் கணக்குகளைப் பார்க்கிறோம். அவர்களுடைய பான் அட்டை, ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், கூட்டாளிகளின் கையெழுத்து என அத்தனையும் எங்கள் டிஸ்க்குகளில் தங்கிவிடுகின்றன. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். அவற்றைப் புதிய இடத்துக்கு மாற்றிச் சரிபார்த்த பிறகு, பழைய டிஸ்க்கில் ஒரு வரிகூட மிஞ்சக் கூடாது. குயிக் ஃபார்மேட் என்பது கோப்புகளின் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. உள்ளே இருந்தவை அப்படியே கிடக்கும், இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளே அவற்றை வெளியே எடுத்துவிடும். காயலான் கடைக்கு எடைக்குப் போன டிஸ்க் அடுத்து யார் கைக்குப் போகும் என்பது கடைக்காரருக்கே தெரியாது.

அழிப்பு வேலையைப் பொறுத்தவரை டாக்கின் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிபான் என்ற பழைய இலவச அழிப்பு மென்பொருள் 2015-க்குப் பிறகு புதுப்பிக்கப்படாமல் நின்றுவிட்டதால், அதன் அழிப்பு நிரலிலிருந்து கிளைத்த என்வைப் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். ஷ்ரெட்ஓஎஸ் என்ற பெயரில் அது பென் டிரைவிலிருந்தே இயங்கும். டிஸ்க் முழுவதும் ஒரு முறை பூஜ்யங்களை எழுதி, பிறகு முழுவதையும் படித்துச் சரிபார்க்கச் சொல்கிறோம். வேகம் வெளி விளிம்பில் அதிகமாகத் தொடங்கி, உள்வட்டத்துக்கு வரும்போது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். சராசரியாக நொடிக்கு 100 எம்பி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு டிபி டிஸ்க்கை எழுத மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், சரிபார்க்க அதே அளவும் ஆகும். மாலையில் செருகிவிட்டுப் போனால் காலையில் இரண்டும் முடிந்திருக்கும். சேலத்துக் கோடையில்கூட இந்தப் பெட்டி ஒரு முறையும் பாதியில் துண்டித்துக்கொண்டதில்லை. ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்த பழைய டிஸ்க்கில், ஈரப்பதத்தால் சர்க்யூட் பலகையின் தொடுபுள்ளிகள் கறுத்துப் போயிருந்தன. பலகையைக் கழற்றி, ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் பூட்டியதும் டாக் அதை உடனே எடுத்துக்கொண்டது. அந்த உறுதிக்காக இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் இந்தப் பெட்டி டிஸ்க்கின் சீரியல் எண்ணை மறைக்கிறது. இதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டாக்குக்குள் இருக்கும் சிறிய பாலச் சில்லு, யூஎஸ்பி வழியாக வரும் கட்டளைகளை டிஸ்க்குக்குப் புரியும் சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டில் நேராக இணைக்கும் முறை) கட்டளைகளாக மாற்றித் தருகிறது. படி, எழுது என்ற இரண்டையும் அது ஒழுங்காக மாற்றுகிறது. "நீ யார்" என்று கணினி கேட்டால் மட்டும், டிஸ்க்கைக் கேட்டுச் சொல்லாமல் தன்னுடைய பெயரையும் தன்னுடைய எண்ணையும் சொல்லிவிடுகிறது. கேள்வியை நேராக டிஸ்க்குக்கே கடத்தும் சில்லுகளும் உண்டு. எங்கள் பெட்டியில் இருப்பது அந்த வகை அல்ல. டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைக் கேட்டாலும் பதில் வராது என்பதால், பழுதான செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) எத்தனை என்பதும் தெரியாது. இடது துளையில் எதைச் செருகினாலும் ஒரே எண், வலது துளையிலும் அதே எண்.

ஒரு ஜவ்வரிசி வியாபாரியிடமிருந்து ஒரே நிறுவனத்தின், ஒரே கொள்ளளவு கொண்ட இரண்டு டிஸ்க்குகள் வந்தன. இரண்டையும் ஒன்றாகச் செருகி இரவு முழுதும் ஓடவிட்டோம். காலையில் பார்த்தால், ஒன்று வெற்றி, மற்றொன்று சரிபார்ப்பில் தோல்வி. இரண்டு அறிக்கைகளிலும் ஒரே பெயர், ஒரே எண், ஒரே அளவு. தோற்றது எது என்று அறிக்கையை வைத்துச் சொல்ல வழியே இல்லை. இரண்டையும் உருவி, பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் நேராகச் சாட்டா கேபிளில் இணைத்து, முதலிலிருந்து மீண்டும் ஓட்டினோம். அங்கே இரண்டும் தத்தம் எண்ணைத் தெளிவாகச் சொல்லின.

இது சின்ன விஷயம் என்று கணினி கடைக்காரர்கள் சொல்கிறார்கள். கணக்குப் பார்க்கும் அலுவலகத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. எங்கள் பதிவேட்டில் தேதி, வாடிக்கையாளர், கொள்ளளவு, அழித்த முறை, சரிபார்ப்பு முடிவு, கையெழுத்து என்று பல கட்டங்கள் உண்டு. ஆனால் ஒரு டிஸ்க்கை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது சீரியல் எண் ஒன்றுதான். 2022-இல் மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் துணை நிறுவனத்துக்கு அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் மூன்றரைக் கோடி டாலர் அபராதம் விதித்தது. தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சுமை ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம் பழைய கருவிகளை ஒப்படைத்ததும், அவை தகவல்கள் நீக்கப்படாமலே மறுவிற்பனைக்குப் போனதும் குற்றச்சாட்டின் ஒரு பகுதி. சில சர்வர்கள் எங்கே போயின என்று கணக்குக் காட்ட முடியாமல் போனது இன்னொரு பகுதி. அழித்தால் மட்டும் போதாது, இன்னதை அழித்தோம் என்று காட்டவும் வேண்டும். இந்த டாக் அந்த இரண்டாம் பாதியை நம் தலையில் போட்டுவிடுகிறது.

இதே காரணத்தால் வரும் வேறு இரண்டு குறைகளும் உண்டு. சில டிஸ்க்குகளில் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒதுக்குப் பகுதி இருக்கும்; டாக் வழியாக அது இருக்கிறதா என்று என்வைப்பால் உறுதி செய்ய முடிவதில்லை. சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் நிலைமை இன்னும் மோசம். அதில் நாம் எழுதும் பூஜ்யங்கள் எந்தச் செல்லில் விழுகின்றன என்பதை எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லுதான் முடிவு செய்கிறது. வெளியே தெரியாத உபரி இடத்தில் பழைய தரவு மிஞ்சலாம். அதற்கு எஸ்எஸ்டிக்கு உள்ளேயே இருக்கும் செக்யூர் இரேஸ் கட்டளையைத்தான் நம்ப வேண்டும், அதை யூஎஸ்பி வழியாக அனுப்பிப் பார்ப்பது ஆபத்து. எனவே எஸ்எஸ்டியை இந்தப் பெட்டியில் நாங்கள் அழிப்பதே இல்லை. நேராக மதர்போர்டில் இணைத்தாலும் சில நேரம் எஸ்எஸ்டி "ஃப்ரோசன்", அதாவது பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி அந்தக் கட்டளையை மறுக்கும். கணினியை ஒரு முறை உறங்கவைத்து எழுப்பினால் பெரும்பாலும் அந்தப் பூட்டு விலகிவிடும்.

35 முறை மேலெழுத வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் சிலர் இன்றும் வற்புறுத்துகிறார்கள். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் கட்மன் 1996-இல், டிஸ்க்கில் தரவை எழுத அன்று இருந்த பலவகைக் குறியீட்டு முறைகளுக்கெல்லாம் சேர்த்துச் சொன்ன எண்ணிக்கை அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35-ம் தேவையில்லை என்று அவரே பின்னர் விளக்கிவிட்டார். இன்றைய சுழலும் டிஸ்க்குக்கு ஒரு முறை முழுமையாக எழுதி, முழுமையாகச் சரிபார்த்தால் போதும்.

ஆகவே, இவ்வளவு உறுதியாக உழைத்த பெட்டியாக இருந்தும், வரிக்கணக்கு அலுவலகத்துக்கு இதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் என் பதில் மாறாது. மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றி, இரண்டு சாட்டா கேபிளும் பவர் கேபிளும் வெளியே நீட்டி வைத்தால், இதைவிட நல்ல அழிப்பு மேசை கிடைத்துவிடும். மின்தடைக்கு ஒரு யூபிஎஸ் அவசியம். வீட்டில் குடும்பப் படங்கள் இருந்த ஒரே ஒரு டிஸ்க்கைத் துடைக்க நினைப்பவர் தாராளமாக வாங்கலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், டிஸ்க்கைச் செருகும் முன்பே அதன் ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுச்சீட்டில் பூஜ்யமும் ஓ என்ற எழுத்தும், 5-ம் எஸ் என்ற எழுத்தும் குழப்பும் என்பதால், கண்ணால் பார்த்து எழுதுவதை நம்பாமல் பார்கோடை ஸ்கேன் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க் மட்டும் செருகுங்கள். இரண்டாவது துளைக்கு அருகில் இருக்கும் குளோன் பொத்தானின் மேல் தடிமனான டேப்பை ஒட்டிவிடுங்கள். தெரியாமல் அது அழுந்தினால், ஒரு டிஸ்க்கில் உள்ளது மற்றதன் மேல் முழுவதுமாக எழுதப்பட்டுவிடும்.