திருச்சியில் அண்ணன் குடும்பத்துக்குப் பார்த்த மரபணுச் சோதனை

அண்ணனுக்கு 43 வயதில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பியவர்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் ஐம்பதைத் தொடாமல் போனவர். அதனால் லண்டனிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனதும் இதைத்தான் முதல் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஆய்வகத்தில் இதயத்துக்கான மரபணு பேக்கேஜ் என்று பல ஆயிரம் ரூபாய் சொன்னார்கள். முடிவை யார் விளக்குவார்கள் என்று கேட்டால், வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வரும் என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். பல மரபணுக்களைக் கூட்டி மதிப்பெண் போடும் இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவை வைத்து உருவானவை. நம்மவர்களுக்கு அந்தத் துல்லியம் கிடைப்பதில்லை.

அப்புறம் பார்த்த இதய மருத்துவர் கெட்டிக்காரர். யார் யார் எந்த வயதில் போனார்கள் என்று கேட்டு, சீட்டின் பின்பக்கத்திலேயே வம்சாவளி வரைந்தார். அண்ணனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தடித்திருந்தது; கொழுப்பு படிந்திருப்பதன் அறிகுறி அது. மாரடைப்புக்கு முந்தைய ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 238, மிக அதிகம். பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம் என்றார். சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருப்பது இது. கல்லீரல் கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து சரியாக இழுத்துக்கொள்ளாததால், பிறந்ததிலிருந்தே ரத்தக்குழாயில் படிந்துகொண்டிருக்கும். ஆள் ஒல்லியாக இருந்தாலும் விடாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மரபணுச் சோதனை முதலில் அண்ணனுக்கு மட்டும்தான். கெட்ட கொழுப்பைக் கல்லீரல் பிடித்து இழுக்க உதவும் எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவில் பிழை உறுதியானது. பிள்ளைகளுக்கு அந்த ஒரு பிழையைத் தேடினால் போதும். கூடவே சில நூறு ரூபாய்க் கொழுப்புச் சோதனை. மகனுக்கு இல்லை. பதினான்கு வயது மகளுக்கு இருக்கிறது.

"வெளியே தெரிஞ்சா நாளைக்கு வரன் அமையுமா தம்பி?" என்று அண்ணி அழுதார். மருத்துவர் பொறுமையாகப் பேசினார்: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை இப்போதே ஆரம்பித்தால் அப்பாவுக்கு வந்தது பெண்ணுக்கு வராமல் தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்குத் திட்டமிடும்போது மட்டும் முன்கூட்டியே வந்து கேட்கட்டும். அந்த அரை மணி நேரப் பேச்சுதான் எங்களுக்குக் கிடைத்த உண்மையான சேவை.

பிரிட்டனில் ஒருவருக்கு உறுதியானால் ரத்த உறவுகளையும் அழைத்துப் பரிசோதிப்பார்கள். ஊரில் அந்தப் பொறுப்பு குடும்பத்தின் தலையில்தான். சித்தப்பா, அத்தை வீடுகளுக்குச் சொல்லிவிட்டோம். சித்தப்பா மகன் மட்டும் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. அண்ணிதான் அவனைப் போனில் விரட்டிக்கொண்டிருக்கிறார்.