பாய்ப்படகின் உலோகப் பாகங்கள்: எந்தப் பூச்சு நின்று பிடிக்கிறது?

பவுடர் கோட்டிங் (தூளைத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு) புதிதில் பார்க்க அழகுதான். கொழும்பின் உப்புக்காற்றில் ஓரிரு மழைப்பருவம் கண்டதும் ஸ்குரூத் துளைகளின் ஓரம் கொப்புளிக்கத் தொடங்கும். துளை போட்ட இடத்தில் பூச்சு அறுந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஆணியும் அலுமினியமும் தொடும் அந்த இடத்தில் உப்புநீர் தங்கினால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைத் தூளாகும். அந்த வெள்ளைத் தூள், மேலிருக்கும் பூச்சை அடியிலிருந்து கிளப்பும். விரலால் அழுத்தினால் முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். அதுவரை மேலே பளபளப்பு குறையாததால் உள்ளே நடப்பது தெரியாது.

அலுமினியப் பாய்மரத்துக்கு அனோடைசிங்தான் (தொட்டியில் இட்டு, மின்சாரத்தால் மேற்பரப்பின் ஒக்சைட் படலத்தைத் தடிப்பாக்குவது) சரி. ஜன்னல் சட்டங்களுக்குப் போடும் 10 மைக்ரோன் கடலுக்குப் போதாது. 20 முதல் 25 என்று சொல்லிச் செய்வியுங்கள். துளைகளை முன்கூட்டியே போட்டு, ஸ்டெயின்லெஸ், பித்தளை எதுவும் மிச்சமில்லாமல் கழற்றிய பிறகே கொடுக்க வேண்டும். பிறகு போடும் ஒவ்வொரு துளையும் வெறும் உலோகம்தான்.

பாய்மரம் அனோடைசிங் தொட்டிக்குள் அடங்காத நீளமென்றால் பெயின்ற்தான் வழி. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, 120 இலக்க மணல்தாளால் தேய்த்து, ஓரிரு மணி நேரத்துக்குள் அலுமினியத்துக்கான எபொக்சி பிரைமரை அடியுங்கள். ஒக்சைட் படலம் உடனே திரும்பத் தொடங்கிவிடும், மறுநாளைக்கு விட்டால் தேய்த்தது வீண். மேலே இரண்டு கை பொலியூரிதேன். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்; மே முதல் செப்டெம்பர் வரை காலை வேளைகளில் இது அடிக்கடி நடக்கும்.

எந்தப் பூச்சானாலும் ஆணி பூட்டும்போது மரையில் இரு உலோகங்களையும் பிரித்துவைக்கும் டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் பசையைத் தடவி, தலைக்கு அடியில் நைலோன் வாஷர் வையுங்கள். இதைத் தவிர்த்தால் மேலே செலவழித்ததெல்லாம் வீண். கார்க்காரர்கள் பாவிக்கும் செம்பு கிரீஸ் மட்டும் வேண்டாம், அலுமினியத்தை அது இன்னும் வேகமாக அரிக்கும்.

ஸ்டெயின்லெஸுக்குப் பெயின்ற் அடிக்கவே கூடாது. பெயின்றுக்கடியில் ஒட்சிசன் கிடைக்காமல் அதன் காப்புப் படலம் சிதைந்து, குழி விழும். ஸ்டெயின்லெஸில் சாதாரண 304 ரகத்தையும் கடலுக்கேற்ற 316 ரகத்தையும் காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும்; போல்ற்றின் தலையில் 316 ரகத்தைக் குறிக்கும் ஏ4 என்ற முத்திரையைத் தேடுங்கள். தேநீர்க் கறைபோன்ற பழுப்பு படிந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலால் துடைத்து நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

நங்கூரச் சங்கிலிக்கு உருக்கிய நாகத்தில் (துத்தநாகத்தில்) தோய்த்ததே வேண்டும். கொழும்பு பழைய சோனகத் தெருக் கடைகளில் கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு தொங்குபவை பெரும்பாலும் மின்முலாம் பூசியவை. படலம் மெல்லியது, சீக்கிரமே கறள் பிடிக்கும். தோய்த்தது மங்கிய சாம்பல் நிறம், தடவினால் சற்றுச் சொரசொரப்பு. ஆண்டுக்கொரு முறை சங்கிலியைத் தலைகீழாக மாற்றிக் கட்டினால் தேய்மானம் இரு முனைக்கும் பங்காகும்.