வீல் லோடர் பிரேக் டிஸ்க் கிட்: டிஸ்க் மட்டும் உள்ள பெட்டியை வாங்காதீர்கள்

மண் அள்ளும் வண்டியான வீல் லோடரின் ஆக்சிலுக்குள் ஆயிலில் மூழ்கி ஓடும் வெட் பிரேக்குக்கு இரண்டு விதமான மாற்றுக் கிட் கிடைக்கிறது. ஒன்றில் ஃபிரிக்‌ஷன் டிஸ்க் (உரசிப் பிடிக்கும் லைனிங் ஒட்டிய தட்டு) மட்டும். இன்னொன்றில் அதோடு, டிஸ்க்குகளுக்கு இடையில் நிற்கும் ஸ்டீல் பிளேட், பிஸ்டன் சீல், ஓ-ரிங் எல்லாம் சேர்ந்து வரும். முதலாவது விலை மலிவு. ஆனாலும் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வோம்.

காரணம் ஸ்டீல் பிளேட். சூடேறிய பிளேட்டில் நீலத் திட்டுகள் தெரியும், பிளேட் வளைந்தும் இருக்கும். சமதளப் பலகையில் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். வளைந்த பிளேட்டோடு புது டிஸ்க்கைப் போட்டால் பிரேக் விட்ட பிறகும் உரசிக்கொண்டே இருக்கும், லைனிங் சீக்கிரம் தேயும்.

அடுத்தது சீல். பிரேக் சுற்றில் மினரல் ஆயில் ஓடினால் நைட்ரைல் ரப்பர், டாட் (DOT) வகை பிரேக் ஃப்ளூயிடுக்கு ஈபிடிஎம் (EPDM) ரப்பர். இரண்டும் கறுப்புதான், கண்ணால் பிரித்தறிய முடியாது. பார்ட் நம்பரைப் பாருங்கள். ஈபிடிஎம் சீல் மினரல் ஆயிலில் ஊதிப் பருத்துவிடும். பிஸ்டன் சீல் கசிந்தால் பிரேக் டேங்கில் அளவு குறையும், ஆக்சில் ஆயில் ஏறும். ஒரு சீலுக்காக ஆக்சிலை மறுபடி கழற்றுவது எவ்வளவு வேலை!

லைனிங்கில் பள்ளங்கள் ஆழமாக இருக்க வேண்டும், ஆயில் ஓடிச் சூட்டை எடுப்பது அவற்றின் வழியாகத்தான். உள்பற்கள் ஹப்பில் கையால் தள்ளினாலே சுலபமாக நகர வேண்டும்.

கழற்றும் முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்து அக்குமுலேட்டர் (பிரேக் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலன்) அழுத்தத்தை இறக்குங்கள். ஸ்பிரிங் பிடிக்கும் பார்க்கிங் பிரேக் உள்ள ஆக்சிலென்றால் மேனுவலில் சொன்னபடி அதை முதலில் விடுவிக்க வேண்டும். அலட்சியம் உயிருக்கே ஆபத்து.

புது டிஸ்க்கை அதே ஆக்சில் ஆயிலில் ஓர் இரவு ஊறவைத்துப் பொருத்துங்கள். காய்ந்த லைனிங் முதல் சில பிடிப்பிலேயே கருகிவிடும். ஆயிலும் வெட் பிரேக்குக்கென்றே இருக்க வேண்டும். சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முனகும், அதிரும். பழி டிஸ்க் மேல் விழும்.

பொருத்தி, பிரேக் லைனில் காற்றெடுத்தபின் மிதமாகப் பிடித்துப் பிடித்து, இடையில் ஆறவிட்டு ஓட்டுங்கள். முதல் ஆயில் மாற்றத்தில் காந்த பிளக்கில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. வடித்த ஆயிலில் லைனிங் துண்டுகள் தெரிந்தால் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு, கிட்டை விற்றவரிடம் திருப்பிக் கேளுங்கள்.